பச்சை வேன் கேஸ்

என் கையெழுத்து கோட்டின் மேல் நிற்காது. சாய்ந்து சாய்ந்து அடுத்த வரிக்குள் இறங்கிவிடும். பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர வந்திருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு இந்தக் கை பேனா பிடித்ததைவிடத் துடுப்புப் பிடித்ததுதான் அதிகம். படிக்கிறவர்கள் தப்பைத் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும். பேசச் சொன்னால் இதைவிட மோசம். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வாய் வராது. இந்த வயதிலும் அப்படித்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

எழுத உட்கார்ந்ததும் கண்முன் வருவது ஒரு பால்பவுடர் டின். என் அக்கா அதில் கண்ணாடித் துண்டுகளைப் போட்டு வைத்திருந்தாள். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அடிபட்டுக் கிடந்த ரோட்டில் சிதறியிருந்த வண்டி விளக்கின் கண்ணாடி அது. பிணத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் எழுந்து போய், ஒன்று விடாமல் முந்தானையில் பொறுக்கிக்கொண்டு வந்தாளாம். எதற்கு என்று கேட்டவர்களிடம், "ஜனங்க காலுல குத்தும்" என்றாளாம். நான் அப்போது ஊரில் இல்லை. வலைக்கு நூல் வாங்கப் பட்டணம் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி, நூல் கண்டுகளோடு சவுக்குத் தோப்பைத் தாண்டி வந்தபோது மாமாவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். என்ன நடந்தது என்று எனக்கு மண் போட்ட பிறகுதான் தெரியும்.

எங்கள் குப்பம் திருவிடந்தைக்குத் தெற்கே, ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. தை அமாவாசைக்கு மறுநாள், வெயில் உச்சிக்கு ஏறின நேரம். மாமா குடிக்கவே மாட்டார் என்று நான் சொல்லமாட்டேன். மீன்பாடு நன்றாக இருந்த நாளில் குடிப்பார். அன்றைக்குக் குடிக்கவில்லை. அக்கா ஊற்றிக் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, கிழிந்த வலையைத் தலையில் சுமந்துகொண்டு ரோட்டைத் தாண்டினார். வடக்கே இருந்து வந்த பச்சை வேன் ஒன்று ரோட்டை விட்டு இறங்கி, அவரை அடித்து, சவுக்கு மரத்தில் முட்டி நின்றது. ஆட்கள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்கள். ஓட்டி வந்தவன் காலைக் கீழே வைத்ததும் மண்ணில் உட்கார்ந்துவிட்டானாம். அவ்வளவு போதை.

அவனை அடித்திருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடிக்கவில்லை. போலீஸைக் கூப்பிடவும் இல்லை. எங்கள் ஊர்த் தலைவரை நாட்டார் என்போம். எந்த வழக்கானாலும் நாட்டாரும் பஞ்சாயத்தாரும் கோயில் முன்னால் உட்கார்ந்து தீர்த்துவைப்பார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் ஊர்க் கட்டை மீறினதாகும். அந்தச் சமயத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. சாராயக் கடைகளைத் திறந்து வைத்திருந்த அரசாங்கம் மறுபடியும் அவற்றை மூடியிருந்தது. தோப்பு மணலுக்குள் கள்ளச் சாராய ஊறல் பானைகள் புதைந்து கிடந்தன. போலீஸ் ஒருதரம் உள்ளே வந்தால் மணலைக் குத்திப் பார்க்காமல் போகாது.

அதனால் அவனைக் கோயில் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சூடம் ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செத்தவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அமாவாசைக்கு அமாவாசை வந்து வழி செய்கிறேன் என்று அவன் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சொன்னான். சூடத்தை அணைத்தான். வண்டியைத் தள்ளி ரோட்டில் ஏற்றிவிட்டதும் எங்கள் ஆட்கள்தான். அவன் பேர் என்ன, ஊர் எது, வண்டி நம்பர் என்ன என்று ஒருவரும் பார்த்து வைக்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. சூடம் அணைத்தவன் வராமல் போவான் என்பது எங்கள் ஊரார் நினைப்பில் கிடையாது. குடித்தவனிடம் வாங்கின சத்தியம் போதை தெளியும்வரைதான் இருக்கும் என்று யோசிக்க அத்தனை பேரில் ஒருவர் இல்லை.

மாசி அமாவாசைக்கு அக்கா ரோட்டோரம் போய் உட்கார்ந்திருந்தாள். பங்குனிக்கும் உட்கார்ந்தாள். சித்திரையில் உட்காரவில்லை. கூடை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு மீன் விற்கப் போனாள். அங்கே அவள் கூவிக்கொண்டு போகும் தெருவில் ஒரு வக்கீல் வீடு இருந்தது. வக்கீல் அம்மாள் கேட்டுத் தெரிந்துகொண்டு வக்கீலிடம் சொல்ல, அவர் அக்காவைக் கூப்பிட்டு, இப்படி வண்டியில் அடிபட்டுச் செத்தால் குடும்பத்துக்கு நஷ்டஈடு கேட்கக் கோர்ட்டில் வழி இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்றார். யார் ஓட்டினான், எந்த வண்டி, போலீஸ் கேஸ் உண்டா என்று கேட்டார். அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதே வாரம் மார்க்கெட்டில் திருக்கழுக்குன்றத்துப் பக்கத்து மீன்காரி ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னது எங்களை எழுப்பிவிட்டது. தை அமாவாசைக்கு மறுநாள் சாயந்திரம் ஒரு பச்சை வேனைப் போலீஸ் மடக்கிப் பிடித்ததாம், ஓட்டினவன் போதையில் ஏட்டு காலிலேயே வாந்தி எடுத்தானாம். எந்த ஸ்டேஷன் போலீஸ் என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர் விட்டுவிட்ட அன்றைக்கே, விட்ட கொஞ்ச நேரத்தில், வேறு யாரோ அவனைப் பிடித்திருக்கிறார்கள். எங்கேயோ அவன்மேல் ஒரு கேஸ் இருக்கிறது. அதில் அவன் பேர் இருக்கும். வண்டி நம்பர் இருக்கும். அன்று முதல் அக்காவுக்கு வேறு நினைப்பில்லை. அவளுக்குப் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், பேச வராது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளாகக் கிளம்பினோம்.

முதலில் ஸ்டேஷன்களுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்று எழுதமாட்டேன். எங்கே போனாலும் பேச்சு ஒரே மாதிரிதான் இருந்தது.

"குடிச்சிட்டு வண்டி ஓட்டின கேஸு ஒண்ணு பாக்கணும் சார்."

"பேரு இன்னா?"

"தெரியாது சார்."

"ஊரு? வண்டி நம்பரு?"

"பச்சை வேனு சார்."

மேசை மேல் காலை நீட்டியிருந்த ஏட்டு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "பச்சை இல்லம்மா. நீலக் கலர்ல ஒண்ணு கீது, பரவாயில்லையா?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீ அவனுக்கு இன்னா ஆவணும்? பொண்டாட்டியா?" என்றார்.

"இல்ல சார்."

"அப்பறம் உனக்கு இன்னாத்துக்கு அந்தக் கேஸு? போம்மா, போயி மீனை வித்துட்டு வூடு போய்ச் சேரு."

அவன் என் புருசனைக் கொன்றவன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் புகார் கொடுக்கவில்லை, பிணம் எங்கே, யார் புதைத்தது என்று கேட்பார்கள். ஜீப் குப்பத்துக்கு வரும். பானைகள் வெளியே வரும். மாமாவைத் தோண்டி எடுப்பார்கள். அக்கா வெளியே வந்தாள். ஒருவர் கோர்ட்டில் போய்க் கேள் என்பார். கோர்ட்டில் கேட்டால் குற்ற எண் கொண்டு வா என்பார்கள். எண் வேண்டுமென்றால் கேஸ் கட்டைப் பார்க்க வேண்டும், கட்டைப் பார்க்க எண் வேண்டும். செங்கல்பட்டுக் கோர்ட்டு வராந்தாவில் நாங்கள் உட்கார்ந்து எழுந்த நாட்களில், ஆனி மாதமும் பாதி போய்விட்டது. ஆடி அமாவாசையோடு கெடு முடிகிறது. அக்காவுக்கு அப்போது ராத்திரியில் தூக்கமில்லை, பகலில் பசியில்லை. மீன் விலை கேட்டு நிற்கிறவளிடம் பதில் சொல்ல மறந்து கோர்ட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வராந்தாவில் உட்காருகிற பெண்கள் எல்லாருக்கும் ஒரே கதைதான். ஊறல் போட்டவன் பெண்டாட்டி, குடித்தவன் பெண்டாட்டி. பிடிபட்டவர்களைக் காலையில் வரிசையாக நிறுத்துவார்கள். ஒப்புக்கொண்டால் அபராதம். கோர்ட்டு கலைகிறவரை உட்கார வைத்து அனுப்புவதும் உண்டு. ஒருநாள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் அக்காவை இடித்து, "இன்னா யக்கா, தெனம் பாக்கறேன். உன் வூட்டுக்காரன் காய்ச்சினதா, குடிச்சதா?" என்றாள்.

"ஓட்டினது" என்றாள் அக்கா.

"அதான் நெத்திப் பொட்டைக்கூட அயிச்சிட்டு வந்துகிறியா? அவன் மேல இருக்கற கோவத்தை வூட்டுல காட்டு. பொண்டாட்டின்னு சொன்னாத்தான் இங்க பதில் சொல்லுவானுங்க. மொட்டை நெத்தியோட நின்னா யாரு நம்புவா?" சொல்லிக்கொண்டே அவள் தன் நெற்றியிலிருந்து குங்குமத்தை விரலால் தொட்டு அக்கா நெற்றியில் அழுத்தினாள். அவளுக்கு விஷயம் தெரியாது. நான் எழுந்துவிட்டேன். அக்கா அந்தக் கையைத் தட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொஞ்சம் முன்னால் கொடுத்தாள். பிறகு எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துத் தாலி இல்லாத கழுத்தை மூடிக்கொண்டு, கேஸ் கட்டுகளோடு உட்கார்ந்திருந்த கோர்ட்டு ஏட்டு ஒருவரிடம் நேராகப் போனாள்.

"என் வூட்டுக்காரர் கேஸு சார். வண்டி ஓட்டினது. தை அமாவாசைக்கு மறுநாளு புடிச்சது."

"பேரு சொல்லு."

அக்கா தலையைக் குனிந்தாள். "அவரு பேரை நான் எப்பிடி சார் சொல்றது?"

எங்கள் பக்கத்தில் புருசன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லமாட்டாள். அக்காவும் மாமா பேரை ஒருநாளும் சொன்னவளில்லை. அது தெரியாத போலீஸ்காரர் கிடையாது. அவர் என்னைப் பார்த்து, "நீ யாரு? தம்பியா? நீ சொல்லு மச்சான் பேரை" என்றார். என் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. "ஊமையா இவன்?" என்றார். "பேசமாட்டான் சார்" என்றாள் அக்கா. என் கூச்சம் யாருக்கும் உதவினது அந்த ஒரு நாள்தான்.

"பச்சை வேனு சார்" என்று அவள் மறுபடி சொன்னதும் ஏட்டு நிமிர்ந்தார்.

"பச்சை வேனா? அட, அவனா உன் புருசன்? என் பூட்ஸ் மேல வாந்தி எடுத்தான்மா, புது பூட்ஸு. இன்னும் வாசனை போவல. கட்டினவளுக்குப் புருசனை அடக்கி வெக்கத் தெரியாதா? எவனையாவது அடிச்சிக் கொன்னிருந்தா இன்னா ஆவறது?"

அக்கா நின்றாள். "மன்னிச்சிக்குங்க சார்" என்றாள். "நான் சொல்லி வெக்கிறேன்."

அவனுக்காக அவள் மன்னிப்புக் கேட்டாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பிணத்தின் முன்னால்கூட அவள் அப்படி உடைந்து பேசவில்லை. ஏட்டுக்கு மனம் இளகிவிட்டது. கட்டைப் பிரித்து எண்ணைப் பார்த்து, மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் தானே வந்து அவன் பேரையும் அவன் தகப்பன் பேரையும் சொன்னார். அக்கா அந்தப் பேரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறாள். புருசன் பேரைக் கேட்ட பெண்டாட்டிபோல் முகத்தை மாற்றாமல் நின்றாள். பஸ் ஸ்டாண்டு வரும் வழியில் தெருக்குழாயில் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அந்தப் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள். மாமா பேரைச் சொல்லாத வாய், மறந்துவிடக்கூடாது என்று அவன் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தது.

கேஸ் கட்டின் நகல் கிடைத்த அன்று கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். மாஜிஸ்ட்ரேட் எழுதினது இங்கிலீஷ். அது எனக்கு வராது. போலீஸ் எழுதினது தமிழ். சாயந்திரம் ஐந்து மணி சுமாருக்கு வண்டி தாறுமாறாக வந்தது, நிறுத்தி இறங்கச் சொன்னதில் எதிரி தள்ளாடினார், வாயில் சாராய நெடி வந்தது, டாக்டரிடம் காட்டிச் சான்று பெறப்பட்டது. வண்டியின் இடப்பக்க முன்விளக்கு உடைந்திருந்தது. அந்த வரியை அக்கா மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். நான் விரலை வைத்துக் காட்டின இடத்தில் அவளும் விரலை வைத்தாள்.

டின்னையும் நகலையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனோம். அவர் நல்லவர். பொறுமையாகப் படித்தார். "இதில் குடித்துவிட்டு ஓட்டினான் என்றுதான் இருக்கிறது. யாரையும் அடித்தான் என்று எங்கே இருக்கிறது?" என்றார். அக்கா டின்னைத் திறந்து காட்டினாள். "கண்ணாடி பேசாதும்மா. ஆள் பேச வேண்டும். இந்த வண்டிதான், இவன்தான் என்று பார்த்தவர் ஒருத்தர் வந்து சொல்லட்டும். ஒருத்தர் போதும். மனுவை நான் தயாராக வைத்திருக்கிறேன்" என்றார். கெடுவுக்குச் சில நாட்கள்தான் இருந்தன.

ஊர் கூடினது. கோயில் முன் மணலில் நாட்டாரும் பஞ்சாயத்தாரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நகலை அவர்கள் முன்னால் வைத்து, காற்றில் போகாமல் டின்னை அதன்மேல் வைத்தாள்.

"ஒரே ஒரு ஆளு வந்தா போதும்னு வக்கீலு சொல்றாரு நாட்டாரே. பானைய பத்திப் பேச வேணாம். பொதைச்சத பத்தி நான் சொல்லிக்கறேன். அவன்தான்னு மட்டும் சொல்லட்டும்."

நாட்டார் மணலைக் கிளறிக்கொண்டே சொன்னார். "சூடம் அணைச்சாச்சு. அணைச்ச சூடத்த மறுபடி ஏத்த முடியுமாம்மா? நம்ம ஆளு கூண்டுல ஏறி நின்னா, கையில மாட்டினவன ஏண்டா விட்டீங்கன்னு கேப்பானா, மாட்டானா? அப்ப இன்னான்னு சொல்றது?"

"விட்டது தப்புன்னு சொல்லுங்க."

கூட்டத்தில் ஒருவன் பின்னாலிருந்து, "அவ இன்னாத்துக்கு நம்மள கூப்புடறா? புதுப் புருசனையே கூட்டிகினு போவட்டும்" என்றான். சிலர் சிரித்தார்கள். குங்குமம் வைத்து, அந்த டிரைவர் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு அவள் கோர்ட்டில் நின்றதை மார்க்கெட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து ஊரில் சேர்த்திருந்தார்கள். நாட்டார் அவனை அதட்டினார். ஆனால் அவரும் அக்காவைப் பார்க்காமலே, "தாலி அறுத்தவ அப்பிடிச் செய்யலாமாம்மா? ஊருக்கு அது இன்னா பேரு?" என்றார். அதோடு பஞ்சாயத்து எழுந்துவிட்டது. அக்கா மணலிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு நெஞ்சு முழுவதும் வார்த்தை இருந்தது. எழுந்து நின்றேன். ஆனால் நான் பார்க்காதவன். அன்று பட்டணத்தில் இருந்தவன். என் பேச்சு வந்திருந்தாலும் கோர்ட்டுக்கு ஆகாது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மாமாவின் கட்டுமரக் கூட்டாளி இருட்டில் வந்து, நான் வருகிறேன் என்றார். மாமாவை ரோட்டிலிருந்து தூக்கியவர் அவர்தான். காலையில் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடை ஓரம் பஞ்சாயத்தார் ஒருவர் சும்மா நின்றுகொண்டிருந்தார். கூட்டாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. அக்கா ஏறினாள், நான் ஏறினேன். கூட்டாளி கம்பியில் கை வைத்தார். அப்படியே கையை எடுத்துக்கொண்டு, "நீங்க போங்க. நான் அடுத்த பஸ்ஸுல வந்துகினே இருப்பேன்" என்றார்.

கோர்ட்டு வாசலில் ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். அக்கா எழுந்து நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள், உட்காருவாள். மத்தியானம் வக்கீல் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். கதவைச் சாத்துகிற நேரத்தில் ஒரு ஆள் வந்து, "கோர்ட்டு கலைஞ்சாச்சு, எழுந்திரும்மா" என்றான். அக்கா எழுந்திருக்கவில்லை. அவளைக் கையைப் பிடித்துத் தூக்கினேன். கனமே இல்லை.

இது நடந்து சில வருஷமாகிவிட்டது. இப்போது அந்த ரோட்டில் மகாபலிபுரம் பார்க்கப் போகிற கார்கள் நாள் முழுக்கப் பறக்கின்றன. அக்கா கூடையோடு ரோட்டோரம் நின்று, கார் எதுவும் வராத நேரத்திலும் தாண்டாமல் நிற்பாள். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். கூட்டாளி எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. வேன் ஓட்டினவனை விட்டது ஊருக்குப் பாரமாக இருந்ததோ என்னவோ, செத்தவனும் அன்றைக்குக் குடித்துத்தான் இருந்தான் என்று ஊரில் பேச ஆரம்பித்தார்கள். முதலில் மெதுவாக, பிறகு எல்லாரும். போன வாரம் அக்காவின் மூத்த மகன் என்னிடம் வந்து, "அப்பா குடிச்சிட்டுப் போயி வண்டில வுயுந்தாராமே, மெய்யா மாமா?" என்று கேட்டான். நான் இல்லை என்றேன். அவ்வளவுதான் என் வாயில் வந்தது. அவன் நம்பினமாதிரித் தெரியவில்லை. அவனுக்கு நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் இருந்தது ஒரு சொல்.

எந்த ஸ்டேஷனிலும் எந்தக் கோர்ட்டிலும் மாமா செத்தது எழுதப்படவில்லை. பச்சை வேனை ஓட்டினவன் குடித்திருந்தான் என்பது எழுதியிருக்கிறது, அவன் அதற்குக் கட்டின அபராதமும் எழுதியிருக்கிறது. மற்றது இது. தை அமாவாசைக்கு மறுநாள் உச்சிப் பொழுதில், எங்கள் குப்பத்து ரோட்டில், வலை சுமந்து போன என் அக்காவின் புருசனை அந்த வேன் அடித்துக் கொன்றது. அவர் அன்று குடித்தது கஞ்சி. ஓட்டினவனை எங்கள் ஊர் கையில் பிடித்தது, சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பார்க்காத நான் எழுதினேன்.

எழுதிய நாள், ஆடி மாதம், அமாவாசை, வியாழக்கிழமை.